ஆட்டத்துக்கு 25 புள்ளி: ஓர் ஒப்பந்தமும் எங்கள் ஆபீஸ் வாக்குவாதமும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மாய்னில் இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு, ஆகஸ்ட் கடைசி தொடங்கி நவம்பர் முடியும்வரை, திங்கட்கிழமை காலையில் முதலில் கால்பந்து, அப்புறம்தான் கிளெய்ம். அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், கையால் எறிந்து தோளால் முட்டி ஆடுவது. அயோவா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அதனால் அயோவா சிட்டியில் இருக்கும் பல்கலைக்கழக அணியான ஹாக்கைஸ்தான் இங்கே பாதிப்பேருக்கு ஊர்த் தெய்வம், மீதிப்பேரில் நிறையப் பேர் ஏம்ஸில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட் கட்சி. நான் வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பேச்சு முடியட்டும் என்று காத்திருப்பேன். பிறகு நானும் சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தேன், 2023இல் ஹாக்கைஸ் பயிற்சியாளர் ஒருவருக்கு எழுதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த வாக்குவாதத்தில் எனக்கென்று ஒரு பக்கமே உண்டாகிவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பந்து கையில் இருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்றில் முடியவில்லை என்றால், நான்காவதில் பந்தை உதைத்து எதிராளியைத் தூரமாகத் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பெயர் பண்ட். ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னால் ஒருவர் ஓடவா, எறியவா, யாருக்கு எறிய என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அவர் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். மொத்த மாநிலமும் திங்கட்கிழமை திட்டுவது இவரைத்தான்.

ஹாக்கைஸின் தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ், 1999இலிருந்து அவர்தான். அவருடைய அணியின் குணம் எல்லோருக்கும் தெரிந்தது: பந்தைத் தொலைக்காதே, ஓடு, டைட் எண்டுக்கு (முன்வரிசை ஓரத்தில் நின்று, தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்) குட்டையாக எறி, முடியவில்லையா, நன்றாக உதை, மீதியை ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ், அதாவது எதிராளியைத் தடுக்கும் படை, பார்த்துக்கொள்ளும். 2022 செப்டம்பரில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தார்கள், ஒரு டச் டவுன்கூட (பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, 6 புள்ளி) இல்லாமல். கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்ட் கோலுக்கு 3, எதிராளியை அவர்கள் எல்லைக்குள்ளேயே மடக்கி டிஃபென்ஸ் வாங்கிக் கொடுத்த இரண்டு சேஃப்டிக்குத் தலா 2, சேர்ந்து 7. அதற்கடுத்த வேலை நாளில் எங்கள் தளமே இரண்டாகப் பிரிந்து நின்றது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து இங்கேயே முடி நரைத்த எங்கள் மூத்த ஆக்சுவரி (இன்ஷூரன்ஸில் ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்பவர்), "ஜெயித்தோமா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். டேட்டா டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், அயோவா சிட்டியில் படித்தவன், "இதைப் பார்க்க டிக்கெட் வாங்கினேன் சார், எனக்கு அழுகை வருகிறது" என்றான். இரண்டு பேரும் அந்த அணியை ஒரே அளவு நேசிப்பவர்கள்.

அப்போது கோஆர்டினேட்டர் யார் என்பதுதான் சிக்கல். பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைப் பயிற்சியாளரின் மகன். இதே அணியில் ஆடியவர், தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் வேலை பார்த்துவிட்டு 2012இல் திரும்பி வந்தவர், 2017இலிருந்து ஆட்டம் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. உறவினர் நியமன விதி இருந்ததால், காகிதத்தில் அவர் அப்பாவுக்குக் கீழே வரவில்லை. பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2022 சீசன் முடிந்தபோது மொத்த யார்டு கணக்கில், நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகள் 131இல் இந்த அணி 130வது இடம். 2023 பிப்ரவரியில் இயக்குநர் அவருடைய ஒப்பந்தத்தைத் திருத்தினார். சம்பளம் 50,000 டாலர் குறைந்து 8,50,000 ஆனது. வரும் சீசனில் குறைந்தது 7 வெற்றி வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் நீளாது.

அந்த 25 வெளியே வந்த நாளிலிருந்து எங்கள் தளத்தில் பேச்சின் குணமே மாறிவிட்டது. நாங்கள் எண்ணோடு பிழைக்கிறவர்கள், ஒரு இலக்கைக் காட்டினால் அது எதை அளக்கிறது என்றுதான் முதலில் கேட்போம். இது அணி எடுக்கும் எல்லாப் புள்ளியையும் சேர்த்து அளந்தது. டிஃபென்ஸ் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி எடுக்கும் டச் டவுனும் பிரையன் கணக்கில் வரும், பண்டைத் திருப்பி ஓடி வந்து எடுப்பதும் வரும். ஒருவரின் வேலையை அளக்க வைத்த எண்ணில் அடுத்த இரண்டு துறைகளின் வேலையும் கலந்திருக்கிறது. அதோடு, முன்னணியில் இருக்கும்போது நேரத்தைக் கரைத்து ஆட்டத்தை முடிப்பதுதான் அந்த அணியின் வழக்கம்; அப்படி முடித்தால் அவருக்கே நஷ்டம். சீசனின் முதல் ஆட்டத்தில் யூட்டா ஸ்டேட்டை 24-14 என்று ஜெயித்தார்கள். அன்று எனக்கு வந்த மெசேஜ் ஒன்றில்கூட ஜெயித்த பேச்சு இல்லை, எல்லாம் "ஒன்று குறைகிறதே" என்பதுதான். ஜெயித்த அணியின் ரசிகர்கள் ஒரு புள்ளிக்காக வருந்தும்படி செய்துவிட்டது அந்த எண், எனக்கு அது அப்போதே உறுத்தியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பிரையனைத் திட்டியவர்கள் பக்கமும் பலமான நியாயம் இருந்தது. எங்கள் அண்டர்ரைட்டிங் (யாருக்கு இன்ஷூரன்ஸ் எழுதலாம் என்று முடிவு செய்யும் பிரிவு) மேலாளர் அம்மா ஒருவர், கணவர் குழந்தைகள் எல்லோரோடும் ஹாக்கைஸின் கின்னிக் மைதானத்துக்குப் போகிறவர், அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை. "ஆறு சீசன் ஆயிற்று, அப்பா மகனை நீக்க மாட்டார், அப்படியானால் ஒரு எண்ணை எழுதி வைப்பதைத் தவிர வேறு யார், எப்படி அவரிடம் கணக்குக் கேட்பது?" அவர் சொல்வது சரிதான். வேறு எந்தக் கோஆர்டினேட்டருக்கும் இவ்வளவு பொறுமை கிடைத்திருக்காது.

ஆனால் இதே பிரையன், முதல் வருடமான 2017இல், இதே கின்னிக்கில் ஒஹையோ ஸ்டேட்டை 55-24 என்று புரட்டிப் போட்ட ஆட்டத்தையும் தேர்ந்தெடுத்தவர். அவருடைய டைட் எண்டுகள் ஹாக்கென்சனும் நோவா ஃபேன்ட்டும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், 2019இல், முதல் சுற்றிலேயே போனார்கள், ஒரே கல்லூரியிலிருந்து ஒரே பதவிக்கு இரண்டு பேர். அதே குணம், அதே ஆள். வித்தியாசம் யாரை வைத்து ஆடினார் என்பதில் இருந்தது, முன்வரிசையில் நிற்கிற பையன்களும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும். 2023க்கு என்று மிச்சிகனிலிருந்து கூட்டி வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா செப்டம்பர் கடைசியிலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார், டைட் எண்ட் லூக் லாச்சி அவருக்கும் முன்னால். ஒப்பந்தத்தில் இதைப் பற்றியெல்லாம் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, அதற்குக் காரணம் எங்கள் வேலை. அயோவாவில் வீட்டுக் கூரைக்கு இன்ஷூரன்ஸ் எழுதுகிறவருக்கு ஆலங்கட்டி மழை என்றால் என்ன என்று தெரியும். 2020 ஆகஸ்டில் சீடர் ராபிட்ஸைக் கிழித்துப்போட்ட டெரேச்சோ புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், ஒரு இளம் அண்டர்ரைட்டரின் வருடாந்தர மதிப்பீட்டை அவருடைய பகுதியின் லாஸ் ரேஷியோவோடு, அதாவது வாங்கிய பிரீமியத்தில் எவ்வளவு கிளெய்மாகப் போயிற்று என்ற கணக்கோடு, கட்டிவிட்டார்கள். எந்த மாவட்டங்களில் எவ்வளவு எழுத வேண்டும் என்று முடிவு செய்தது மேலே இருந்தவர்கள், விலை வைத்தது வேறு துறை. ஒரு மே மாதம் ஆலங்கட்டி அடித்தது, எண் கெட்டது, அவருடைய போனஸ் போயிற்று. அவருடைய ஃபைல்களைப் பார்த்தவன் நான், ஒவ்வொன்றும் ஒழுங்காக எழுதியது. நிறுவனத்தின் கொள்கையை நிறுவனம் தீர்மானித்துவிட்டு, அதன் விளைவை ஒரு ஆளின் பெயரில் எழுதி வைத்தால் அது கணக்குக் கேட்பது ஆகாது.

ஹாக்கைஸிலும் அப்படித்தான் என்று நான் வாதாடினேன். மூன்றாவது வாய்ப்பில் 8 யார்டு வேண்டும்போது ஓடச் சொல்கிறாரே என்று கத்துகிறோம். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார்? பந்தைத் தொலைக்காதே என்று அவருக்கு மேலே இருப்பவர் இருபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார், பின்னால் டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியர், நாட்டின் சிறந்த பண்டர் விருது வாங்கியவர், உதைக்கத் தயாராக நிற்கிறார், அதற்கும் பின்னால் ஆட்டத்துக்கு 15 புள்ளிகூட முழுதாகக் கொடுக்காத டிஃபென்ஸ். அந்த அணியில் அதுதான் நியாயமான தேர்வு. எங்கள் மூத்த ஆக்சுவரி இதை இன்னும் தெளிவாகச் சொன்னார்: நீ பலசாலியாக இருந்தால் ஏற்ற இறக்கத்தைக் குறை, பலவீனமாக இருந்தால் கூட்டு. அதன்படி பார்த்தால் தனக்குச் சமமானவர்களிடமும் தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடமும் அயோவாவின் வழி சரி. தன்னைவிடப் பெரிய அணியிடம் அதே வழி தோல்வியை உறுதி செய்கிறது. 2023 முடிவுகளைப் பாருங்கள். 10 வெற்றி, 4 தோல்வி. அந்த நான்கில் மூன்று தோல்வி பூஜ்யத்தில்: பென் ஸ்டேட் 31-0, மிச்சிகன் 26-0, டென்னசி 35-0. ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரின் மூளையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பின்தங்கும்போது நாம் யாராக மாறுவோம் என்பதைத் தலைமைப் பயிற்சியாளர்தான் முடிவு செய்ய வேண்டும், அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கிற ஒப்பந்தம் எங்கும் எழுதப்படவில்லை.

அக்டோபரில் மின்னசோட்டாவிடம் 12-10 என்று தோற்ற பிறகு, 30ஆம் தேதி, அப்போதைய தற்காலிக இயக்குநர் பெத் கோட்ஸ் அறிவித்தார்: சீசன் முடிந்ததும் பிரையன் போகிறார். அணி அப்போது 6-2. நான் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை போய்விட்டது என்று நாட்டுக்கே தெரிந்த பிறகு, அந்த மனிதர் மறுநாள் அதே கட்டிடத்துக்கு வர வேண்டும், அதே பையன்களிடம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதே அப்பாவோடு மைதானத்தில் நிற்க வேண்டும். வந்தார். நார்த்வெஸ்டர்னிடம் 10-7, ரட்கர்ஸிடம் 22-0, இல்லினாயிடம் 15-13, நெப்ராஸ்காவிடம் 13-10. நான்கும் வெற்றி, அணி ஆடும் பிக் டென் லீக்கின் மேற்குப் பிரிவில் முதலிடம். ரட்கர்ஸ் தவிர மற்ற மூன்றும் கடைசி நிமிடம் வரை இழுத்த ஆட்டங்கள், அந்த நிமிடங்களில் ஒரு தவறான தேர்வு போதும் தோற்க. நோட்டீஸ் காலத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்; கை வேலையில் இருக்கும், மனசு வாசலில் இருக்கும். சீசன் முழுக்கச் சேர்த்து 14 ஆட்டத்தில் 216 புள்ளி, சராசரி 15.4, கேட்ட 25க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் அந்த நவம்பருக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் தளத்தில் அதைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் கோஆர்டினேட்டராக டிம் லெஸ்டர் வந்தார். தலைமை அதே கர்க், டிஃபென்ஸ் அதே பார்க்கர், ஓடுவதும் அதேதான். ஆனால் பந்து கிளம்பும் முன் ஆட்கள் இடம் மாறத் தொடங்கினார்கள், எதிரணி டிஃபென்ஸ் ஒரு நொடி தயங்கியது, கேலப் ஜான்சன் அந்த இடைவெளியில் ஓடி 1,537 யார்டும் 21 டச் டவுனும் எடுத்தார். சராசரி 25ஐத் தாண்டியது. ஆனால் வெற்றி 10இலிருந்து 8 ஆனது. இதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தது அதே டேட்டா பையன். "குணம் மாறவில்லை, தேர்வு மட்டும் மாறியது, புள்ளி வந்தது. அப்படியானால் தப்பு பிரையன் மேல்தானே?" ஓரளவு ஆமாம் என்றுதான் சொன்னேன், சொல்லத்தான் வேண்டும். அதே கொள்கைக்குள் இன்னும் நல்ல தேர்வுகள் இருந்திருக்கின்றன, அவற்றை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆளை மாற்றியது சரி. மாற்றுவதற்கு வைத்திருந்த எண் அதை அளக்கவே இல்லை என்பதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. 2024இல் 25ஐத் தாண்டிய அணி குறைவாக ஜெயித்திருக்கிறது, 2023இல் 25க்குப் பக்கத்தில்கூட வராத எண்ணோடு அந்த அணி பிரிவையே ஜெயித்தது.

மேலாளர் அம்மா இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ளவில்லை. எண் இல்லாமல் இருந்திருந்தால் லெஸ்டர் வந்திருக்கவே மாட்டார் என்கிறார். 2025இல் மார்க் க்ரோனாவ்ஸ்கி குவார்ட்டர்பேக்காக வந்து சேர்ந்தபோது, சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்காக அந்த 7-3 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் அவர்தான், மூத்த ஆக்சுவரி சந்தோஷமாக, "தோற்றவனுக்கே நம் வழி பிடித்துப்போயிற்று பார்" என்றார். மேலாளர் அம்மா உடனே, அவர் ஓடத்தானே வந்திருக்கிறார், எறிவதற்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார். கிளெய்ம் மீட்டிங் அன்றைக்கு இருபது நிமிடம் தாமதம்.