பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கிறீர்களா? பின்பக்கத்தைப் பற்றி முதலில் பேசிவிடுங்கள்

ஒரு வழியாக முடிந்தது. பெட்டி பெட்டியாகக் கிடந்த குடும்பப் போட்டோக்கள் எல்லாம் உறை போட்டு, பெயர் எழுதி, வருஷவாரியாக அடுக்கி, கணினியிலும் ஏறிவிட்டன. ஆனால் இதில் பாதி வேலை, "நாங்களே ஸ்கேன் செய்து தருகிறோம்" என்று வாங்கிப் போனவர்கள் குழப்பி வைத்ததைச் சரிசெய்யத்தான் போனது. அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

கொடுத்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது, யார் வீட்டுப் பக்கம், ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதிய தனித்தனி உறைகள். 600 டிபிஐ (அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி), இரண்டு பக்கமும், வண்ணத் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். திரும்பி வந்தது என்ன தெரியுமா? போட்டோக்கள் மொத்தமும் ஒரே கட்டாக, நடுவில் இறுக்கமாக ரப்பர் பேண்ட். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது கருப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? கோப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், வெறும் எண்களோடு, தரத்தைக் குறைத்துச் சுருக்கும் ஜேபெக் வகையில், அதுவும் 300 டிபிஐ. போதாக்குறைக்கு நிறைய படங்களில் மேலிருந்து கீழ்வரை முடி அளவுக்கு ஒரு நேர்கோடு. தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் கண்ணாடிமேல் ஒரு தூசி உட்கார்ந்தால், அடுத்தடுத்து போகும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இப்படித்தான் கோடு விழும். பழைய போட்டோவை அந்த மாதிரி இயந்திரத்தில் விடுவதே தப்பு, ஓரம் வளைந்த படம் உள்ளே சிக்கினால் அவ்வளவுதான்.

பின்பக்க ஸ்கேன் எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்தவர் சொன்ன பதிலை என்னால் மறக்கவே முடியாது. "பின்னாடி படம் ஒண்ணும் இல்லையே, எழுத்துதானே இருக்கு."

எழுத்துதான் ஐயா வேண்டும்! பழைய பிரிண்டில் ஸ்டூடியோ முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய பெயர், காகிதத் தயாரிப்பாளரின் அச்சு எல்லாமே பின்பக்கத்தில்தான் இருக்கும். எங்கள் குவியலில் சிலவற்றின் பின்னால் 'வெலாக்ஸ்' என்று இருந்தது, அது கோடக் நிறுவனத்தின் பழைய பிரிண்ட் காகிதம். 'வருஷம் தெரியாது' என்று ஒதுக்கி வைத்திருந்ததை ஒரு காலகட்டத்துக்குள்ளாவது கொண்டுவர இது உதவும். அதைவிடக் கொடுமை, படங்களின் வெள்ளை ஓரத்தையும் 'அழகாக' வெட்டிவிட்டார்கள். 1950, 60களில் லேபில் கழுவிய பல பிரிண்டுகளில் அந்த ஓரத்தில்தான் மாதமும் வருஷமும் பொடியாக அச்சாகியிருக்கும். ஆனால் ஒன்று, அது பிரிண்ட் போட்ட தேதி, படம் எடுத்த தேதி அல்ல. பாதி ரோல் கேமராவிலேயே மாதக்கணக்கில் கிடந்து அப்புறம் கழுவப்போயிருக்கலாம். 80, 90களின் படங்களில் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் வரும் தேதியை அதைவிடக் குறைவாகவே நம்புங்கள், கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வைக்காமலே எடுத்த வீடுகள்தான் அதிகம்.

மறுபடி செய்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வாங்கி வந்து, படத்தைக் கண்ணாடிமேல் அசையாமல் வைத்து எடுக்கும் தட்டை ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி நானே உட்கார்ந்தேன். 600 டிபிஐ என்றால் 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும், பின்னாளில் இரண்டு மடங்கு பெரிதாகப் பிரிண்ட் போட்டாலும் தாங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் படங்களை மட்டும் 1200இல் எடுத்தேன். கருப்பு வெள்ளையையும் கலர் முறையிலேயே எடுங்கள், அந்தப் பழுப்பும் கறையும்கூடத் தகவல்தான். மூலக் கோப்பு டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வகை), அதில் கை வைப்பதில்லை. திருத்துவதெல்லாம் நகலில்.

வண்ணத் திருத்தம் வேண்டாம் என்று ஏன் அடித்துச் சொன்னேன் என்றால், 70களின் கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் சிவந்துபோயிருக்கும். வெளிச்சமே படாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் அதிலிருக்கும் சயான் என்ற பச்சைநீலச் சாயம் தானாகவே மங்கும், மீதி நிற்பது செம்மைதான். இதை இயந்திரத்தின் தானியங்கித் திருத்தத்திடம் விட்டால் முகமெல்லாம் நீலம் பாரித்துப்போகிறது. எங்களுக்கு வந்த கோப்புகளில் பாதிப் பேர் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அதே பெட்டியில் அவற்றைவிட முப்பது வருஷம் மூத்த கருப்பு வெள்ளைப் படங்கள் கிண்ணென்று இருக்கின்றன. சிலவற்றில் கறுத்த பகுதிகளில், சாய்த்துப் பார்த்தால் நீலமாக ஒரு உலோகப் பளபளப்பு தெரியும். அது வெள்ளி மேலே வந்து படிந்திருப்பது, அழுக்கு அல்ல. துடைக்காதீர்கள்.

தட்டை ஸ்கேனரிலும் ஒரு வகைப் படம் என்னை அலைக்கழித்தது. 70, 80களில் மேற்பரப்பு சொரசொரவென்று, சின்னச் சின்ன அறுகோணம் அச்சிட்ட மாதிரி ஒரு காகிதம் வந்ததே, அதேதான். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து அடிப்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழுந்து, முகத்தின் மேல் வலை போர்த்திவிடுகிறது. ஒரு தடவை ஸ்கேன் செய்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை எடுத்து, இரண்டையும் மென்பொருளில் நேராக்கி ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்தால் வலை பெருமளவு மறைகிறது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துக் கேமராவால் எடுங்கள்.

இனி ஆல்பங்கள். போட்டோவைப் பாதுகாக்கவென்றே விற்ற பொருள்தான் எங்கள் போட்டோக்களை அதிகம் கெடுத்தது. அட்டையில் வரிவரியாகப் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பம் ஒன்று எல்லா வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பசை வருஷம் ஆக ஆகக் கல்லாகி, அட்டையில் இருக்கும் அமிலமும் சேர்ந்து படத்தின் முதுகில் பழுப்புக் கோடுகளை இழுத்துவிடுகிறது. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே மொபைலில் எடுத்துவைத்தேன். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பது அடுக்கியவருக்குத்தான் தெரியும், அது ஒருமுறை கலைந்தால் திரும்ப வராது.

சில படங்கள் தொட்டதும் வந்துவிட்டன. வராதவற்றுக்குப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், மெழுகு தடவாதது. படத்தின் மூலையில் பின்பக்கமாக நுழைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். அறுக்கும்போது படம் தட்டையாகவே கிடக்க வேண்டும், தூக்கிப் பார்க்கும் ஆசையில் வளைத்தால் மேலே உருவத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் படலம் கீறி, அந்தக் கீறல் சரியாக யாருடைய முகத்திலாவதுதான் விழும். முடி உலர்த்தியால் சூடாக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பசை இளகும்போது ஜெலட்டினும் இளகுமே, அதனால் நான் தொடவில்லை. எதற்கும் அசையாத சில படங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி அட்டையை வெட்டி, முதுகில் அட்டை ஒட்டியபடியே உறையில் போட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் முழுசாக இருக்கிறது.

சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. நடுவில் அட்டை இடைவெளி விடாமல் கண்ணாடிமேல் நேராகப் படத்தை வைத்து மூடினால் ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகி ஒட்டிக்கொள்ளும். சட்டம் பிரித்துக் கொடுத்தவர், "ஒரு இழு இழுத்தா வந்துடும்" என்று நகத்தை நுழைக்கப் போக, பாய்ந்து பிடுங்கினேன். இழுத்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்தேன், வந்தது போதும். படம் இன்னும் அந்தக் கண்ணாடியோடுதான் இருக்கிறது.

கலைந்துபோன வரிசையை மீட்டுக் கொடுத்தது நெகட்டிவ். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத்தில் 11, 11ஏ, 12, 12ஏ என்று எண் ஓடும். பிரிண்டை நெகட்டிவோடு பொருத்திப் பார்த்தால் எது முன்னால் எடுத்தது, எது பின்னால் என்று சண்டைக்கே இடமில்லை. ஒரு கல்யாண ரோலை முழுசாக இப்படி அடுக்கி முடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. அதனால் பிரிண்ட் இருக்கிறதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள், பிரிண்டைவிட விவரம் அதில்தான் அதிகம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மற்றவற்றிலிருந்து பிரித்து அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி இருந்தால் கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதை அணைத்துவிடுங்கள். படத்திலிருக்கும் வெள்ளியையே தூசி என்று நினைத்துக்கொண்டு அழிக்கப் பார்க்கும்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது, பெரியவர்களிடம் போய் உட்கார்வது. ஸ்கேனர் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். அத்தையிடம் கட்டைக் கொடுத்து, மொபைலில் குரல் பதிவை ஓடவிட்டு, "அடுத்தது எண் இருபது" என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். இப்படி எண் சொல்லாவிட்டால் அப்புறம் கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. அத்தையா, சின்ன அத்தையா என்று குடும்பமே வருஷக்கணக்கில் வாதாடிய ஒரு படம் உண்டு. அத்தை முகத்தைப் பார்க்கவே இல்லை. "இது நான் இல்லடா, அவ. கையைப் பாரு, என் வாட்சைக் கேக்காம எடுத்துக் கட்டியிருக்கா" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தால் வார் தொளதொளவென்று தொங்குகிறது. கேஸ் முடிந்தது.

பெயர் எழுதுவது பழைய காகிதப் பிரிண்டில் மெல்லிய பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். 70களுக்குப் பிறகு பரவலான பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் ஒட்டாது, பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்துக்கு ஒட்டும். அதற்கெல்லாம் உறையில் எழுதுங்கள், அதுவும் படத்தை உள்ளே போடுவதற்கு முன்னால். உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று பார்த்து வாங்குங்கள். திறந்ததும் குப்பென்று பிளாஸ்டிக் வாடை அடிப்பது அநேகமாகப் பிவிசி, அது வேண்டவே வேண்டாம். 'ஆர்கைவல்', அதாவது நீண்ட காலம் பாதுகாக்கும் என்று அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், உறை போட்டோவைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியது என்று போட்டிருந்தால் நம்பலாம். பெட்டியைப் பரணிலும் வைக்காதீர்கள், ஈரச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். லேமினேஷன் செய்தால் பிரிக்கவே முடியாது. பழைய செல்லோடேப் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தால் உரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கோப்புப் பெயரில் வருஷம் முதலில், மாதம் தெரியாவிட்டால் 1968-00 என்று, அப்போதுதான் தானாக வரிசைப்படும். பின்பக்கத்துக்கும் அதே பெயர், கடைசியில் ஒரு 'பி'. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

எல்லாம் முடிந்து குடும்பக் குழுவில் போட்டால், அடுத்த நிமிஷமே ஒருவர், "ரொம்ப மங்கலா இருக்கே, நல்லா ஸ்கேன் பண்ணலையா?" என்கிறார். மெசேஜ் செயலி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், கோப்போடு சேர்த்து எழுதிவைத்த பெயர், தேதி எல்லாம்கூட அதில் உதிர்ந்துபோகும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், அல்லது இணைப்பு கொடுங்கள்.