ஹோமர் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு: வாய்விட்டுப் படியுங்கள்

எம்.ஏ. ஒப்பிலக்கியத்தில் கிரேக்கக் காப்பியம் எங்களுக்கு ஒரு தாள். முதல் இன்டர்னலில் 25-க்கு 9 வாங்கினேன். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டை நாவல் போல மௌனமாகப் படித்துவிட்டு, அடைமொழிகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றன என்று எழுதியிருந்தேன்.

அப்புறம் ஹாஸ்டல் அறைத்தோழனை உட்கார வைத்து மொழிபெயர்ப்பை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் அவன் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்தான், நான் நிறுத்தவில்லை. 'விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்' என்று காதில் விழுந்ததுமே யார், எங்கே என்று கேட்காமல் கதைக்குள் வந்துவிட்டான். கேட்கிறவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பாடுகிறவருக்கும் அந்தத் தொடர் கைகொடுக்கிறது, ஆறு சீர் அடியில் மீதி இடத்துக்கு அளவாகப் பொருந்தும், அடுத்த அடியை யோசிக்க மூச்சும் கிடைக்கும். இலியட் முதல் பகுதியில் அக்கிலீஸ் கோபத்தோடு கப்பல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறான், அங்கேயும் அவன் 'விரைந்த கால்' அக்கிலீஸ்தான். விடையில் இந்த இடத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஹோமரின் காப்பியங்கள் வாய்மொழிப் பாடல் மரபில் பிறந்தவை என்று காட்டிய ஆய்வாளர் மில்மன் பாரியைத் தேதியோடு மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 1935-இல் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர் அவ்தோ மெஜெதோவிச் 12,000 அடிக்கு மேல் நீளும் ஒரே பாட்டை வாயால் சொல்லச் சொல்ல பாரிக்காக எழுதிக்கொண்டார்கள், ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிசியும் கிட்டத்தட்ட அதே நீளம். இதே அணுகுமுறையைச் சங்கப் பாடல்களில் வைத்துப் பார்த்தவர் க. கைலாசபதி, அவருடைய ஆங்கில நூல் 1968-இல் வந்தது, நம் மாணவர்களுக்கு ஒப்பீட்டு வினாவில் அது பெரிய பலம்.

கேட்போர் பற்றிய வினாவுக்கு ஒடிசி 8-ஆம் பகுதியை மூன்று முறையாவது படியுங்கள். பார்வையற்ற பாடகர் தெமோதொகஸ் ட்ராய் கதையைப் பாடுகிறார், சபை ரசித்து இன்னும் பாடச் சொல்கிறது, அந்தப் போரில் தானே இருந்த ஒடிசியஸ் மட்டும் ஊதா மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் இருந்த அரசன் அல்கினூஸ் மட்டும் அதைக் கவனிக்கிறான், பிறகு மரக்குதிரைப் பாட்டின்போது பாடலை நிறுத்தவே சொல்லிவிடுகிறான். ஒரே பாட்டு, இருவேறு காதுகள்! ஒடிசி 1-இல் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி பாடகரை நிறுத்தச் சொல்வதையும் மகன் மறுப்பதையும் இதோடு சேர்த்து எழுதினால் விடை நன்றாக நிற்கும், இறுதித் தேர்வில் நான் அப்படித்தான் எழுதினேன்.

எந்த ஊரிலிருந்து எத்தனை கப்பல் போருக்கு வந்தது என்று இலியட் 2-இல் வரும் கப்பல் பட்டியலைக் கடைசியில் படிக்கலாம், விட்டுவிடாதீர்கள். தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை மனதில் வைத்துப் படியுங்கள்.