உறுப்பினர் அல்லாத முப்பது ஆண்டுகள்

பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸில் 1993 முதல் பேஸ் கிட்டார் வாசித்து வரும் டாரில் ஜோன்ஸ், முப்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும் அக்குழுவின் அதிகாரபூர்வ உறுப்பினர் அல்லர் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த அவர் இருபத்தொரு வயதில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசிக்கத் தொடங்கி, பின்னர் பாடகர் ஸ்டிங்குடனும் மேடையேறியவர். அக்குழுவின் முந்தைய பேஸ் கிட்டார் கலைஞர் பில் வைமன் விலகியபோது, புதியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸிடம் விடப்பட்டது. ஜாஸ் இசையில் தோய்ந்த வாட்ஸுக்கு மைல்ஸ் டேவிஸின் பெயரே போதுமான பரிந்துரையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1982 முதல் அவர்களுடன் பயணிக்கும் கீபோர்டு கலைஞர் சக் லெவலின் பணி இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு பாடலும் எந்தச் சுருதியில், எந்த வேகத்தில், எந்த அமைப்பில் வாசிக்கப்பட்டது என்பதைக் குறிப்பேடுகளில் பல ஆண்டுகளாகப் பதிந்து வைத்திருக்கும் அவர், பாடல் நிரலை வகுப்பதிலும் மேடையில் வேகத்தை எடுத்துக்கொடுப்பதிலும் துணைநிற்கிறார். கைதட்டல் என்னவோ முதன்மைப் பாடகர் மிக் ஜாகருக்குத்தான்; அதில் தவறும் இல்லை.

ஆனால் துணைக் கலைஞரின் வேலை, தலைமைக் கலைஞர் பயணம் புறப்படும்போது மட்டுமே உண்டு. 2007இல் ஒரு சுற்றுப்பயணத்தை முடித்த அக்குழு, 2012இல்தான் மீண்டும் மேடைக்கு வந்தது. அத்தகைய இடைவெளிகளில் ஜோன்ஸ் பிற இசைக்குழுக்களில் வாசிக்கிறார். லெவலோ அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தம் மனைவியுடன் மரப்பண்ணையைக் கவனித்துக்கொள்கிறார்.