மூன்று நாள் பீப்பாய்

ஜூன் 10, செவ்வாய். ஷெஃபீல்ட்

போன் இல்லை.

ஜூன் 11, புதன்

கால் தானாகக் கெல்ஹம் ஐலண்ட் பக்கம் போயிற்று. பப்பில் பீர் இறைக்கும் கைப்பம்பு பழுதாம். பீப்பாயையே கல்லாவுக்குப் பின்னால் மரத்தாங்கியில் படுக்க வைத்திருந்தார்கள். திங்களன்று வந்தது, இரண்டு நாள் யாரும் தொடாமல் கிடந்து தெளிந்திருக்கிறது. ஒன்பது காலன், அதாவது 72 பைண்ட். கடைக்காரம்மா கொட்டாப்புளியை ஓங்கி ஒரே போடு போட்டார். குழாய் உள்ளே இறங்கியது. இரண்டு சொட்டு என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. முதல் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரே குடித்தார். அடுத்தது எனக்கு.

கோல்டன் ஏல் என்ற பீர் ரகம், 3.8 சதவீதம். புது வைக்கோல் நிறம். சோடா மாதிரி மூக்கில் ஏறவில்லை, நாக்கில் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. பால் இல்லாத டீயில் மாரி பிஸ்கட்டை முக்கியது போல மால்ட், அதுவும் மெல்லிசாக. அப்புறம் ஹாப்ஸ், பீருக்கு மணமும் கசப்பும் தருகிற பூ. மாங்காயைக் காம்போடு முறித்தால் சுரீரென்று பால் பீச்சுமே, அந்த வாசனை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கிணற்றடி மரம், அம்மா முந்தானையில் ஏந்திக்கொண்டு நிற்பது, எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு, தொண்டைக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

பக்கத்து ஸ்டூல் பெரியவர் நுரை இல்லை என்று முகம் சுளித்தார். யார்க்‌ஷயர்க்காரர்களுக்குக் கைப்பம்பு மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சல்லடை வேண்டும். அது பீரைப் பீய்ச்சியடித்துத் தயிர் கடைந்தாற்போல் நுரை எழுப்பும். எனக்கு அது பிடிக்காது. வாசனையெல்லாம் நுரையோடு போய்விடுகிறது. சொல்லவில்லை. அவர் ஊர்.

ஜூன் 12, வியாழன்

அண்ணன் போன். அங்கே மணி பத்து.

"இன்னும் வரலடா. திங்கக்கிழமைங்கிறாங்க."

"அம்மா?"

"தூங்குது. நீ சாப்டியா?"

எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒன்று இருக்கிறது, பேச ஒன்றும் இல்லாதபோது.

பீர் நேற்றைவிட நன்றாக இருந்தது. வாயு கொஞ்சம் அடங்கியதும் வாசனை விரிந்துவிட்டது. மாங்காய்ப் பாலுக்குப் பின்னால் பம்ளிமாஸ் தோல். ராத்திரி தேடிப் படித்தேன். ஹாப்ஸ் எண்ணெயில் மிர்சீன் என்று ஒன்று இருக்கிறது, மாங்காயிலும் அதுவேதான். ஆக, என் மூக்கு பொய் சொல்லவில்லை. சின்ன விஷயம், ஆனால் இந்த வாரம் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இந்த ரக பீருக்கே வயது அதிகமில்லை. 1986-இல் சாமர்செட்டில் எக்ஸ்மூர் கோல்டு காய்ச்சினார்கள், முதல் கோல்டன் ஏல்களில் ஒன்று என்பார்கள். அதுவரை இப்படிப் பீப்பாயிலேயே நொதித்து முடிகிற காஸ்க் பீர் என்றால் பெரும்பாலும் செம்பழுப்பு பிட்டர்தான். லாகர் குடிக்கும் பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுக்க வெளிர்நிறம் கைகொடுத்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மீன்.

இன்று பேச்சுவாக்கில் கடைக்காரம்மா சொன்னார். பீர் இவ்வளவு தெளிவாக எப்படி என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். மீனின் காற்றுப்பையைக் காயவைத்துக் கரைத்துப் பீப்பாயில் விடுகிறார்களாம், ஐசிங்லாஸ் என்று பெயர். மிதக்கிற ஈஸ்டையெல்லாம் அது பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஸ்டர்ஜன் மீனுடையது வந்துகொண்டிருந்தது. 1795-இல் வில்லியம் முர்டாக், கேஸ் விளக்கு ஏற்றிய அதே முர்டாக், காட் மீனில் மலிவாகச் செய்யலாம் என்று காட்டினார். நல்ல கதைதான். வேறு ஒரு வாரத்தில் கேட்டிருந்தால் ரசித்திருப்பேன்.

சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு இன்றோடு பதினெட்டு நாள். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடவில்லை. பீரை விடுவதாக வேண்டிக்கொள்ளவில்லை. அவளிடம் பொய் சொல்லக்கூடாது, என்னால் முடிகிறதைத்தான் சொன்னேன். இப்போது மூன்று நாளாக மீன் குடித்திருக்கிறேன். குடித்தேனா? அது அடியில் வண்டலோடு தங்கிவிடுகிறது, குழாய் வண்டலுக்கு மேலே இருக்கிறது, எனக்கு வந்தது மேல்தண்ணி. வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே ஆற்றோரமாக நடந்தேன். தெரியாமல் செய்தது கணக்கில்லை என்று அம்மா சொல்லும். ஆனால் பதினோராம் தேதி அந்த மாங்காய் வாசனை வந்தபோது அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேனே. மீனை விலக்கிவிட்டுச் சகுனத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? அண்ணனிடம் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் சிரித்து நாளாயிற்று.

இதை எழுதும்போதே தெரிகிறது, இது பீரைப் பற்றி இல்லை. சரி.

கிளாஸ் பாதியில் இருந்தது. வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், வாசனையும் பாதிதான்.

ஜூன் 14, சனி

குடிக்கவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்தேன், கடைக்காரம்மாவே நீட்டினார். நனைந்த அட்டைப்பெட்டி, ஓரத்தில் காடி. பீர் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று புகுகிறது. மூன்று நாளைத் தாண்டுவது கஷ்டம் என்றார். மிச்சம் ஏழெட்டு பைண்ட் சாக்கடைக்குப் போயிற்று.

கள்ளும் இப்படித்தான். காலையில் தேன், மத்தியானம் புளிப்பு, அதற்கு மேல் காடி. தாத்தா மொந்தையோடு நேரத்தையும் சேர்த்துத்தான் விலை பேசுவாராம். 1987-இல் கடையை மூடிவிட்டார்கள். நான் குடித்தது பாலக்காட்டில், அதுவும் சாயங்காலக் கள்.

உயிரோடு இருக்கிற சரக்கு, அதனால்தான் என்றார் கடைக்காரம்மா. அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

புதுப் பீப்பாய் நேற்றே வந்துவிட்டது. அதே ஏல், ஐசிங்லாஸ் விடாதது. எனக்காக இல்லை, இப்போது நிறையப் பேர் கேட்கிறார்களாம். கலங்கலாகவே குடிக்கலாம், ருசியில் குறைவில்லை. ஆனால் தானாகத் தெளியட்டும், நான் காத்திருக்கிறேன் என்றேன். தோளைக் குலுக்கினார்.

ஜூன் 15, ஞாயிறு

பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

அரைநாள் லீவு. மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பீப்பாய் மேலே மென்மர முளை, அதைச் சுற்றி நுரை பொருமிக் காய்ந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் மூச்சு விட்டிருக்கிறது. காலையில் அது நின்றதும் கெட்டி முளையை மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டாராம், இப்போது மாற்றுகிறார். தெளிந்துவிட்டதா என்று கேட்டேன். திறந்தால்தான் தெரியும்.

கொட்டாப்புளியை எடுத்துக் கல்லாமேல் வைத்திருக்கிறார். ஸ்பார்க்லர் பெரியவரும் வந்தாயிற்று.

அண்ணனிடமிருந்து மிஸ்டு கால், 3.52. உள்ளே சிக்னல் இல்லை. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.