தெருவுக்கு நடைபாதை கேட்கிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

எங்கள் தெருக்கோடியில் பள்ளிக்கூடம். காலை எட்டரைக்குத் தண்ணீர் லாரியை ஒட்டிப் பிள்ளைகள் ஒதுங்கி ஒதுங்கிப் போவதைப் பார்த்து மனசு பொறுக்காமல்தான், மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நடைபாதை கேட்பது என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுத்தோம். நவம்பர் 1 அன்று எங்கள் வார்டு மக்கள் கூடிய பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானம், கவுன்சிலர் பரிந்துரை, மதிப்பீடு எல்லாம் மளமளவென்று முடிந்தன. 12 லட்சம். மூன்றில் ஒரு பங்கு எங்களுடையது. வீடு வீடாக ஏறி 4 லட்சம் சேர்த்து, மாநகராட்சி ஆணையர் பெயருக்கு டி.டி. (வங்கி வரைவோலை) எடுத்து, ஜனவரியில் மண்டல அலுவலகத்தில் கொடுத்தோம்.

வினையே அங்கேதான். ஒவ்வொரு முறை போனபோதும், “ஃபைல் மேலே போயிருக்குங்கம்மா, அடுத்த வாரம் வாங்க” என்றார் எழுத்தர். ஏப்ரல் கடைசியில் கோப்பைப் பிரித்தால், முதல் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தியபடி எங்கள் டி.டி. அப்படியே இருக்கிறது! குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. “இது செல்லாதுங்க, வேற கொண்டு வாங்க” என்றார். டி.டி.க்கு ஆயுள் மூன்றே மாதம். புதுப்பிக்கப் போனால், வாங்கியவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றது வங்கி. பொருளாளர் ஐயா அப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருந்தார். எழுபது வயதுக்காரரைப் பஸ் ஏற்றி வரவழைத்தோம். பணம் கொடுத்தவர்கள் வேறு, “என்னம்மா, வேலை நடக்குமா நடக்காதா?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கமே இல்லை.

டி.டி. கொடுத்த அன்றைக்கே மாநகராட்சி ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ரசீது கையில் வந்தால்தான் பணம் கணக்கில் ஏறியதாக அர்த்தம்.

இரண்டாவது அடி விழுந்தது, வேலை உத்தரவு வந்த பிறகு. ஒப்பந்ததாரரின் ஆள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தபோதுதான், வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி கோட்டுக்கு நட்டநடுவில் நிற்பது கண்ணில் பட்டது. டேப் வைத்தேன். ஒரு பக்கம் மிஞ்சியது 70 செ.மீ. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலி எப்படிப் போகும்? பெட்டியை நகர்த்தும் செலவு மதிப்பீட்டிலேயே இல்லை. அதை மின்வாரியத்துக்குத் தனியாக டெபாசிட் கட்டித்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மதிப்பீடு போட வரும் அன்றே உதவிப் பொறியாளரோடு தெருவை ஒரு நடை நடந்து, பெட்டி, கம்பம், மரம், ஒவ்வொரு கேட் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டால்தான் காதில் விழும்.

ஒன்றில் ஜெயித்தோம். நடைபாதையின் ஓரக்கல்லை ஒரு அடி உயரத்துக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதே நெறிமுறையில் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பொறியாளரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார்; நட்டிருந்த ஏழு கல்லையும் பிடுங்கித் தாழ்த்தி வைக்கச் சொன்னார். எதிர்வீட்டுப் பாட்டி முழங்கால் வலியோடு அதில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார்.

மின்வாரிய டெபாசிட்டும் கட்டிவிட்டோம், ரசீதோடு. பெட்டி இன்னும் நகரவில்லை. நாளைக் காலை மறுபடி போகிறேன்.