மண்ணைக் கொட்டி வார்த்த கூரை

அக்டோபர் 19, சென்னிமலை

ஜப்பான் போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் புல்லட் ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மேஸ்திரி ஒருவர்தான், "அங்க காங்கிரீட் எப்படிங்க போடறாங்க?" என்று கேட்டார். சைட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குத் தேஷிமா கதையைச் சொன்னேன்.

தேஷிமா, செத்தோ உள்நாட்டுக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே 2010-இல் திறந்த கலைக்கூடத்தை வடிவமைத்தவர் ரியூயே நிஷிசாவா. ஏறக்குறைய 40 மீட்டருக்கு 60 மீட்டர். தூண் கிடையாது, பீம் கிடையாது. கூரையின் கனம் 25 சென்டிமீட்டர்தான். உயரம் 5 மீட்டர்கூட வராது.

"அத்தனை அகலத்துக்குச் சென்ட்ரிங் எப்படீங்க அடிச்சாங்க?"

காங்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கவே இல்லை. மண்ணை மேடாகக் குவித்து, வளைவைச் சரி பார்த்து, மேலே கலவை பூசிக் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டார்கள். நன்றாக இறுகின பிறகு உள்ளேயிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பலகை வாடகை, முட்டு வாடகை மிச்சம்ங்க. மண்ணு அள்ற கூலியைச் சேர்த்தா எங்க நிக்கும்?" என்றார். அங்கே இருந்தபோது எனக்கு இந்தக் கணக்கு தோன்றவேயில்லை.

அக்டோபர் 20

உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். தண்ணீர் இருக்கிறது என்றேன். "இதுக்கா அவ்வளவு செலவு பண்ணிப் போனே?" என்றார் சித்தி.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். படம் எடுக்கக் கூடாது. கூரையில் இரண்டு பெரிய திறப்புகள். கண்ணாடி எதுவும் இல்லாததால் மழையும் காற்றும் பூச்சியும் தாராளமாக வரும். கலைஞர் ரேய் நைத்தோ செய்திருப்பது, தரையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் துளைகள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துளையில் நீர் முத்தாக எழுந்தது. கொஞ்சம் பெருத்து, சேம்பிலையில் விழுந்த துளி மாதிரி ஒட்டாமல் நழுவி, சரிவு இருக்கும் பக்கம் ஓடியது. பாதி வழியில் இன்னொரு துளியோடு சேர்ந்து, வேகம் பிடித்து, ஒரு குட்டையில் கலந்தது. தரையில் வாட்டம் இருப்பதே அதற்கு முன் எனக்குத் தெரியவில்லை. தரை வாட்டத்துக்காகப் பாதி ஆயுளை மட்டப் பலகையோடு கழிக்கும் எங்களைப் போன்றவர்களை அங்கே ஒருமுறை உட்கார வைக்க வேண்டும்.

அக்டோபர் 22

பக்கத்துத் தீவான நவோஷிமாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அங்கே 2004-இல் திறந்த, கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ வடிவமைத்த சிச்சூ கலைக்கூடம், குன்றின் வடிவம் கெடாமல் இருக்கப் பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை இயற்கை வெளிச்சத்திலேயே வைத்திருக்கிறார்கள். மேகம் கடந்தால் ஓவியத்தின் நிறம் மாறுகிறது. வார்ப்புப் பலகையின் தடம் அப்படியே பதிந்த அந்த வெற்றுக் காங்கிரீட் சுவரில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது தேஷிமாதான். சிச்சூவில் நடக்கும்போது கட்டியவரின் கெட்டிக்காரத்தனம் கூடவே நடந்து வருகிறது.

அக்டோபர் 25

மழை விட்டதும் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போனோம். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை தெரியும்.

தேஷிமாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை அந்தத் தீவின் ஓரத்தில் தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் போராடி 2000-இல் தீர்வு வாங்கினார்கள். 9 லட்சம் டன்னுக்கு மேல் கழிவும் கெட்ட மண்ணும். கப்பலில் ஏற்றி நவோஷிமாவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். அந்த வேலை 2017-இல்தான் முடிந்தது. அதாவது, கலைக்கூடம் திறந்து வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றபோதும் தீவின் இன்னொரு முனையில் கழிவை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கலைக்கூடத்தைச் சுற்றித் தரிசாகக் கிடந்த நெல் வயல்களையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து திருத்தி நடவு செய்திருக்கிறார்கள். நம்ம கோபிசெட்டிபாளையம் பக்கத்து வயல்கள் அளவுக்கு அகலம் இல்லை, படிப்படியாகக் கடல் வரை இறங்குகின்றன.

கூட வந்த மச்சான், "இங்கயும் ஒரு மியூசியம் வெச்சா ஆள் வருமில்ல?" என்றார். வரலாம். சாயத்தில் கெட்டுப்போன கிணற்றை விட்டுவிட்டுக் கட்டடத்தில் ஆரம்பித்தால் நான் டிசைன் போட்டுத் தர மாட்டேன் என்றேன். தேஷிமாவில் அந்தத் தரையில் துளியாக வருவது உள்ளூர் நிலத்தடி நீர். அது கெட்டிருந்தால் அங்கே பார்க்க என்ன இருக்கும்?

அக்டோபர் 27

மேஸ்திரி மறக்கவில்லை. தன் தோட்டத்தில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில், தீவனம் போட்டு வைக்க ஒரு சின்னக் கூரை வேண்டுமாம். பத்தடிக்குப் பத்தடி. கிணறு தூர் வாரின மண் சும்மா கிடக்கிறது, அதையே குவித்துக்கொள்ளலாம் என்கிறார். கம்பிக்கு வரைபடம் கேட்டிருக்கிறார். வளைவின் அடி விரியாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு கட்டு பெல்ட் தேவை என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே ஒரு திறப்பு விடலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"சோளத்தட்டு நனையுமுங்க" என்று அத்தோடு முடித்துவிட்டார். தை பிறந்து மழை ஓய்ந்ததும் வேலை ஆரம்பம்.