அம்மாவின் கைரேகையும் பதினைந்து நிமிஷக் கணக்கும்

போன வருஷம் அம்மா ஆறு மாதம் தங்க வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு அழைத்து வரவில்லை. தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் கைரேகை கொடுக்கக் கூட்டிப் போனேன். "களவாணிகிட்டதானடி ரேகை எடுப்பாங்க?" என்றாள்.

ஃப்ரீமாண்ட்டில் என் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் இதற்கு லைசென்ஸ் வேண்டும். அந்த வீட்டில் குடியிருக்கும் 18 வயது நிறைந்த எல்லோருக்கும் கைரேகைச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை இரண்டும் உண்டு. பெற்ற தாய்க்கும் விலக்கில்லை. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல்களை மெஷின் படிக்கவே இல்லை. அங்கிருந்த பையன் லோஷன் தடவி, ஒவ்வொரு விரலாக உருட்டி அழுத்தினான். "கும்பகோணம் ரேஷன் கடையிலயும் இதே பாடுதான்" என்று அம்மா சிரித்துவிட்டாள்.

என்னுடையது சிறிய லைசென்ஸ். 2 வயது நிறையாத குழந்தைகள் மட்டும் என்றால் 4 பேர். அதைவிடப் பெரிய பிள்ளைகளும் கலந்து என்றால் 6 பேர், அதில் கைக்குழந்தைகள் 3 வரை. சொந்தப் பிள்ளையும் 10 வயதாகும்வரை இந்தக் கணக்கில் வருவான் என்பது பலருக்குத் தெரியாது. என் மகனின் பத்தாவது பிறந்தநாளில் எனக்கு ஒரு இடம் காலியானது. கேக் அவனுக்கு, லாபம் எனக்கு.

தீயணைப்பான், புகை அலாரம், படிக்கட்டுக்குத் தடுப்பு எல்லாம் ஒருமுறை மாட்டினால் முடிந்தது. மனிதர்கள்தான் கஷ்டம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வாளர் வந்தபோது, அம்மாவின் கைப்பை சோபாவில் கிடந்தது; உள்ளே பிரஷர் மாத்திரை. மருந்து குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்பது விதி. எழுதிவிட்டார். அவர் வந்துபோன அறிவிப்பு 30 நாள் சுவரில் தொங்க, காலையும் மாலையும் பெற்றோர் அதைப் படித்தார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதைவிடப் பெரிய வம்பு தூளி. ஐந்து மாதப் பையனைச் சேர்த்த நம்மூர்ப் பெண் ஒருத்தி, பழைய காட்டன் புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். "அக்கா, தூளியில போட்டாத்தான் தூங்குவான்." முடியாது என்றேன். 12 மாதம்வரை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தட்டையான, உறுதியான மெத்தை. அதன்மேல் இறுகப் பொருந்தும் விரிப்பு மட்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலுக்குள் கூடாது. துணியில் சுற்றவும் கூடாது. கழுத்தில் செயினோ கயிறோ இருந்தால் கழற்றிவிடுவேன். தூங்கும்போது 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போய் மூச்சு, முகத்தின் நிறம் பார்த்து, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

"நீங்கள்லாம் தூளியில வளரலையா அக்கா?" என்றாள். வளர்ந்தேன்தான். ஆனால் அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய சில வருஷங்களில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. தூளியில் முதுகு வளையும், தாடை மார்பில் முட்டும், துணி முகத்தை மூடும். லைசென்ஸ் விதிகளில் எனக்குப் பிடிக்காதவை சில உண்டு. இது அப்படியில்லை, ஆய்வாளரே வராவிட்டாலும் இதை விடமாட்டேன்.

முதல் வாரம் அவன் கத்தித் தீர்த்தான். அம்மா சமையலறையிலிருந்தே கடிகாரம் பார்த்து, "ரெண்டே கால் ஆச்சுடி, பாத்தியா, எழுதினியா?" என்று குரல் கொடுப்பாள். இரண்டாம் வாரம் நாற்பது நிமிஷம் தூங்கினான். நேரம் எழுதிவைத்த தாளை அவனைப் பெற்றவளிடம் எடுத்துக் காட்டினேன்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மாதக் கடைசியில் வேறு ஒரு வீட்டில் சேர்த்துவிட்டாள். அங்கே தூளி கட்டுவார்களாம். புடவையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மாநில அரசின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை.